வெர்க்மனின் மர எழுத்துகள்

அன்புள்ள ஐயா,

டச்சு அச்சுக் கலைஞர் வெர்க்மன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய அச்சுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். எழுத்துகள் இருக்கின்றன, பல படங்களில் வாசிக்க ஒன்றுமில்லை. அருவ ஓவியம்தான் வேண்டுமென்றால் தூரிகையை எடுத்திருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூரிகையும் எடுத்தவர்தான். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து ஓவியர் குழு ஒன்றில் இருந்தார். ஆனால் பிழைப்பு அச்சுத் தொழில். 1923இல் அவருடைய அச்சகம் நொடித்துப்போனது. நாற்பது வயதைத் தாண்டியவர், ஒரு கிடங்கின் மாடிக்குக் குடிபோனார். கையில் மிஞ்சியது ஒரு கைஅச்சு இயந்திரம், சுவரொட்டிக்கான மர எழுத்துகள், மை உருளை. படங்கள் அங்கேதான் பிறந்தன.

அச்சுக்கோர்ப்பவருக்கு எழுத்து என்பது முதலில் ஒரு கட்டை. கையில் கனக்கும், இடவலம் மாறியிருக்கும். ஆங்கில ‘ஓ’ அவர் கையில் ஒரு வளையம், ‘எச்’ ஒரு ஏணி.

வழக்கமாக எழுத்தைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டி, மை தடவி, மேலே தாளை வைப்பார்கள். வெர்க்மன் தாளைக் கீழே விரித்து, மை தடவிய கட்டையை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினார். ஒரே தாள் திரும்பத் திரும்ப அழுத்தத்துக்குப் போகும். மை உருளையை நேராகத் தாளிலேயே ஓட்டுவார். ஒருமுறை பழைய பூட்டின் பாகங்களைக்கூட அச்சடித்தார்.

சரி, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மர எழுத்தில் மை சீராகப் படியாது, தேய்ந்த இடம் வெளிறியிருக்கும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று விழும் இடத்தில் அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும். அந்த அழுத்தம் தூரிகைக்கு வராது. ஆயிரம் பிரதி எடுப்பதற்கான இயந்திரத்தில் அவர் ஒற்றைப் பிரதி எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வாசிக்கவும் இருக்கிறது. ‘தி நெக்ஸ்ட் கால்’ என்ற சிற்றிதழை 1923 முதல் 1926 வரை ஒன்பது இதழ்கள் தானே எழுதி, கோர்த்து, அச்சிட்டு அனுப்பினார். அப்புறம் நாஜி ஆக்கிரமிப்பின்போது, யூதர்களின் பக்தி இயக்கமான ஹசிதியத்தின் கதைகளுக்குப் படங்கள் அச்சிட்டார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! 1945 மார்ச்சில் கைதானார், ஏப்ரல் 10 அன்று சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரத்திற்குள் கனடியப் படைகள் குரோனிங்கனை மீட்டன. நடந்த சண்டையில், பறிமுதலான அவருடைய படைப்புகளில் பல எரிந்துபோயின.

அந்த ஹசிதியப் படங்களையும் பாருங்கள். அவற்றில் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.