பதில்: நெய்வேலிக் கல்லில் வெள்ளைப் பொடி பூக்கிறது

நிலக்கரியில் கிடைத்த பளபள உருண்டை, கடலூர் முதுநகர் வீட்டு அலமாரியில் பொடி பூத்து, அடியில் இருந்த அட்டையையும் பொத்தலாக்கிவிட்டது என்கிறீர்கள். தங்கமா என்ற கேள்வியை விடுங்கள். அநேகமாக அது மார்கசைட் என்ற கனிமம். ‘முட்டாள்களின் தங்கம்’ எனப்படும் பைரைட்டும் இதுவும் ஒரே இரும்பு சல்ஃபைடுதான், அணுக்களின் அடுக்குதான் வேறு. ஆனால் மார்கசைட் சீக்கிரம் கெடும். ஈரக்காற்று பட்டால் இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும். பொடி முன்னது, அட்டையைத் தின்றது பின்னது.

தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். கையுறை போட்டு, உலர்ந்த டூத் பிரஷால் பொடியைத் தட்டுங்கள். அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். வீண் வேலை, உள்ளே தங்கிய ஈரமே அரிக்கப் போதும்.

அதே தட்டில் தேவனாம்பட்டினம் கிளிஞ்சல்கள் இருக்கின்றனவே, அவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனது, அமிலத்தைத் தாங்காது. அம்மாவின் மார்கசைட் தோடு பற்றிக் கேட்டீர்கள்: நகைக்கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பைரைட்தான், பயமில்லாமல் போடட்டும்.