எஸ்.ஏ.டி.யும் மூவாயிரம் வார்த்தைகளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி. பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் இளநிலை படிக்க ஆசைப்படுகிறாள். அங்குள்ள பல கல்லூரிகள் சேர்க்கைக்குப் பார்க்கும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகிறாள். அந்தத் தேர்வை எழுதும் ப்ளூபுக் செயலியில் எழுதிய முதல் மாதிரித் தேர்வில் கணிதம் 640, ஆங்கிலம் 510. பயிற்சி மையத்தில் 3000 வார்த்தைப் பட்டியலைக் கொடுத்து, தினம் 50 மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலம் 520. கணிதம் அப்படியே நிற்கிறது. ஆனால் தப்பாகப் போட்ட அதே கணக்குகளை வீட்டில் கொடுத்தால் சரியாகப் போடுகிறாள். எதை மாற்றுவது? எந்த மாதம் எழுதுவது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

முதலில் அந்தப் பட்டியலை மூடிவைக்கச் சொல்லுங்கள். அரிய சொற்களுக்குப் பொருள் கேட்கும் வழக்கம் 2016இல் தேர்வை மாற்றியமைத்தபோதே போய்விட்டது. பட்டியல்கள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இப்போதும் சொல் சார்ந்த கேள்விகள் உண்டு. அவை ஒரு பத்தியின் போக்கில் எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்பவை. நிறைய வாசித்தால்தான் அது பிடிபடும்.

ஆங்கிலப் பகுதியில் மொத்தம் 54 கேள்விகள். அவற்றில் 11 முதல் 15 வரை இலக்கணமும் நிறுத்தக்குறியும். இவற்றின் பின்னால் இருக்கும் விதிகள் ஒரு டஜனைத் தாண்டாது. மிகக் குறைந்த நாளில் மதிப்பெண் ஏறும் இடம் இதுதான். நம் பள்ளியில் சொல்லித்தரும் இலக்கணம் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவது, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவது போன்றது. எஸ்.ஏ.டி. அதைக் கேட்பதில்லை. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று கேட்கிறது. தமிழில் மூச்சு விடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி போட்டுப் பழகிய கை அங்கே சறுக்கும்.

முழு வாக்கியங்கள் இரண்டை வெறும் காற்புள்ளியால் இணைக்கக் கூடாது. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி, அல்லது காற்புள்ளியோடு 'அண்ட்', 'பட்' போன்ற இணைப்புச்சொல். 'ஹவ்எவர்' அந்த வகை இணைப்புச்சொல் அல்ல. அதன் முன்னால் காற்புள்ளி மட்டும் வைத்த விடையைப் பலர் தேர்ந்தெடுத்து ஏமாறுவார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது தானாக நிற்கக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். இடைச்செருகலைக் கோட்டில் (டேஷ்) தொடங்கினால் கோட்டில் முடிக்க வேண்டும், காற்புள்ளியில் தொடங்கினால் காற்புள்ளியில். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீளமான தொடர் வந்தால் அதை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், ஒருமை பன்மை தெரிந்துவிடும். இந்த வகைக் கேள்விகளை மட்டும், தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் (காலேஜ் போர்டு) வினா வங்கியில் கடினம் வாரியாகப் பிரித்து எடுக்கலாம். இலவசம்தான். கான் அகாடமி என்ற இணையதளத்தின் பாடங்களும் இலவசம்.

மற்ற வாசிப்புக் கேள்விகளில் பத்தி 150 சொல்லைத் தாண்டாது, ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. பத்தி சொன்னதைவிட ஒரு படி அதிகமாகச் சொல்லும் விடையை அடித்துவிட வேண்டும். 'எல்லாம்', 'எப்போதும்' என்று வந்தாலே சந்தேகப்படுவது நல்லது.

ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாக வருகிறது. ஆங்கிலத்தில் கூறுக்கு 32 நிமிடம், 27 கேள்விகள். கணிதத்தில் 35 நிமிடம், 22 கேள்விகள். முதல் கூறில் எப்படி எழுதுகிறாள் என்பதைப் பொறுத்து இரண்டாம் கூறு கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான கூறு வந்துவிட்டால் அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. 640இல் நிற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முதல் கூறின் ஆரம்பக் கணக்குகளை அவசரமாகப் போட்டு, மிச்சம் பிடித்த நேரத்தைக் கடைசிக் கணக்குகளில் செலவழிக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடவும் வேண்டாம்.

வீட்டில் சரியாக வரும் கணக்கு தேர்வில் தப்புவது பெரும்பாலும் கேள்வியை வாசிப்பதில்தான். எக்ஸைக் கண்டுபிடித்ததும் கை விடையைத் தேடும். கேட்டிருப்பதோ எக்ஸின் இரண்டு மடங்கோடு மூன்றைக் கூட்டினால் எவ்வளவு என்று. இடையில் கிடைக்கும் எண்ணையும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள். கணக்கைத் தொடங்கும் முன் 'என்ன கேட்கிறார்கள்' என்பதைத் தாளில் எழுதிக்கொள்வதே மருந்து. விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் இன்னொரு குழி: மூன்றரையை 7/2 அல்லது 3.5 என்றுதான் தர வேண்டும். மூன்றையும் அரையையும் சேர்த்து அடித்தால் கணினி அதை 31/2 என்று எடுத்துக்கொள்ளும். 2/3ஐ 0.67 என்று சுருக்கினால் தவறு, 0.667 சரி, 2/3 என்றே அடிப்பது அதைவிடப் பத்திரம். டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான் செயலிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளையும் அடித்துக் கோடுகள் வெட்டும் புள்ளியைத் தொட்டால் விடை வந்துவிடும். கையால் போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது ஏதோ குறுக்குவழி போலக் கூச்சமாக இருக்கும். கூச்சம் வேண்டாம்.

முழு மாதிரித் தேர்வுகளை வாரத்துக்கு ஒன்று என்று தீர்த்துவிடாதீர்கள். ப்ளூபுக்கில் இருப்பவை சில மட்டுமே. மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். இடைப்பட்ட நாட்கள் தப்பானவற்றைத் திரும்பப் போடுவதற்கு.

எந்த மாதம்? முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள், வழக்கமானவற்றுக்கு ஜனவரித் தொடக்கம். ஆகவே பிளஸ் டூ தொடங்கும் ஜூனில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை எழுதட்டும். அக்டோபரைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ மார்ச் வரை தள்ளிப்போட்டால் பொதுத்தேர்வோடு மோதும், விண்ணப்பக் காலமும் முடிந்திருக்கும்.

பணம் கட்டும் முன் அவள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பாருங்கள். எம்.ஐ.டி. 2022இல் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் 2024இல் அப்படி அறிவித்தன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ முழு மதிப்பெண்ணான 1600 வாங்கினாலும் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதில்லை.

பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நம்மிடம் சகஜம். மையத்தின் வாசலில் அதுவே தகராறாகும். மடிக்கணினி உங்கள் அலுவலகத்துடையது என்றால் அதன் பூட்டுகள் ப்ளூபுக்கை ஓடவிடாமல் செய்யலாம், இப்போதே அதில் ஒரு மாதிரித் தேர்வை ஓட்டிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள் செயலியில் தேர்வு அமைப்பை (எக்ஸாம் செட்டப்) முடித்து அனுமதிச்சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கைக்குப் பக்கத்தில் மின்இணைப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் மின்கலம் வேண்டும்.