ஈரம் ஊறிய தரையின் மேல் புதிய பலகை வேண்டாம்

வணக்கம். உங்கள் 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்) வண்டியில் நகரும் கதவருகே தரை மெத்தென்று அமுங்குவதாகவும், அதன் மேலேயே புதிய ப்ளைவுட்டை அடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய பலகையும் வெப்பக்காப்புக்காகப் பக்கச்சுவருக்குள் திணித்த கண்ணாடி இழைப் பஞ்சும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கும் வரை, மேலே எதைப் போட்டாலும் அடித்தகட்டைத் துரு தின்றுகொண்டேதான் இருக்கும்.

பலகையை உடைக்காமல் கழற்றுங்கள். புதியதை வெட்ட அதைவிட நல்ல அளவு கிடைக்காது. பஞ்சை அகற்றும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பிறகு ஜன்னல், கூரை ரப்பர்களில் நீர் தெளித்து, கசியும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, வெல்டிங் வேலை முழுவதையும் முடித்து, எபாக்ஸி ப்ரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) பூசிய பின்பே வெப்பக்காப்பைத் தொடுங்கள். ஏனெனில் வெப்பக்காப்புக்கான நுரைப்பொருள்கள் வெல்டிங் பொறியில் எளிதில் தீப்பிடிக்கும்.

பஞ்சுக்குப் பதிலாக, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை நுரைத்தாளை ஒட்டுவதே என் பரிந்துரை. கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தரைக்கு 9 அல்லது 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் (நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பலகை) போதும். அதன் வெட்டு விளிம்புகளில் எபாக்ஸி பூசாவிட்டால் ஈரம் அங்கிருந்தே ஏறும்.

இன்னொன்று மிக முக்கியம்: பின்புற எஞ்சின் கொண்ட இவ்வண்டியில் கியர் தண்டும் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. ஆகவே கீழே குனிந்து பார்க்காமல் ஒரு திருகைக்கூட முடுக்காதீர்கள். இருக்கை, சீட் பெல்ட் போல்ட்டுகள் நுரையின் மேல் அமராமல் நேராக உலோகத்திலேயே இறுக வேண்டும்.