டவுன்லோடு செய்து வாங்கிய மென்பொருளை அடுத்தவருக்கு விற்கலாமா?

கேட்டவர் கொருக்குப்பேட்டையில் டிடிபி கடையை மூடுகிறாராம். கம்ப்யூட்டர்களோடு போட்டோஷாப், காசு கொடுத்து டவுன்லோடு செய்த ஃபான்ட், மின்புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து விற்கலாமா என்கிறார்.

கம்ப்யூட்டரைத் தாராளமாக விற்கலாம். கம்பெனியே போட்டுக் கொடுத்த விண்டோஸ் அந்த மெஷினோடு போகும், தனியாகக் கழற்றி விற்க முடியாது. வண்ணாரப்பேட்டையில் பழைய சிஸ்டம் வாங்கி விற்கிறவன் நான். வருகிறவர்கள் இன்னமும் கேபினெட்டில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்க்கிறார்கள், விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனி மெஷின்களில் கீ (லைசென்ஸ் எண்) மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள்.

போட்டோஷாப் இப்போது சந்தாதான். கட்டுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், விற்க ஒன்றும் மிச்சமில்லை.

சிக்கல், ஒரே தடவை முழுக்காசு கட்டி வாங்கியதில்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் ஆரக்கிள் என்ற மென்பொருள் கம்பெனியின் வழக்கில், காலவரையறை இல்லாத லைசென்ஸ் என்றால் டவுன்லோடு செய்த மென்பொருளையும் விற்கலாம், ஆனால் விற்பவர் தன்னிடம் உள்ள காப்பியை அழித்துவிட வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2019-ல் மின்புத்தகத்துக்கு அது செல்லாது என்றுவிட்டது. அமெரிக்காவில் 2018-ல் ரீடிஜி என்ற கம்பெனி ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஃபைல்களை இன்னொருவருக்கு விற்கப்போய்த் தோற்றது. ஃபைலை அனுப்பும்போதே புதுக் காப்பி உண்டாகிறது, காப்பி எடுக்கும் உரிமை உனக்கில்லை என்று தீர்ப்பு.

நம் ஊரில்? 2021-ல் உச்ச நீதிமன்றம், டீலர் மென்பொருளை வாங்கி விற்பது பதிப்புரிமையைக் கைமாற்றுவது ஆகாது என்றது உண்மை. ஆனால் அது வருமான வரி வழக்கு, அதைக் காட்டி நீங்கள் ஃபான்டை விற்கக் கிளம்ப வேண்டாம். லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள், கைமாற்றலாமா என்று கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்புத்தகத்தை மறந்துவிடுங்கள்.

ஐடி, பாஸ்வேர்டைக் கொடுத்து விற்கிறவர்களும் உண்டு. கம்பெனி கணக்கை முடக்கினால் வாங்கினவர் நேராக உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். அப்புறம், கிராக் போட்டது ஏதாவது இருந்தால் ஃபார்மட் அடித்துவிட்டே கொடுங்கள். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் வரை அபராதம்.