தண்ணிக்குள்ள மரம் அழுகாதா?

கேள்வி: ஞாயித்துக்கிழமை பசங்களோட ஹாஜி அலி தர்காவுக்குப் போனோம், அலை ஏறி பாதையே மூழ்கிருச்சு, கரையிலயே நின்னுட்டு வந்தோம். வெனிஸ்ல ஊரே மரத்து மேல நிக்குதுன்னு பொண்ணு சொல்றா, மரம் அழுகிடாதா? (தாராவி வாசகி, மும்பை)

பதில்: பொண்ணு சொன்னது நிஜம்தாங்க. வெனிஸ்ல இருக்கிற ரியால்டோ பாலத்துக்கு மட்டும் அடியில சுமார் 12,000 மரக்கம்பம், 1591ல கட்டி முடிச்சது, இன்னும் அசையல. ஈரம் பட்டு, காஞ்சு, திரும்ப ஈரம் பட்டாத்தான் மரம் உளுத்துப்போகும், ஏன்னா பூஞ்சைக்குக் காத்து வேணும், வெனிஸ்ல கம்பத்தை முழுசா சேத்துக்குள்ள அடிச்சு இறக்கிட்டாங்க, அங்க காத்து ஏது? அதுக்கு மேல பலகை, பலகைக்கு மேல தண்ணி உறிஞ்சாத இஸ்ட்ரியா கல்லு, அப்புறம்தான் செங்கல் சுவரு. நம்ம ஊர் கிணத்தடியில நெல்லிக்கட்டை போடுவாங்கள்ல, அதே சங்கதி. ஆனா சாகாவரம்லாம் கிடையாது, காத்து இல்லாமலே வாழுற பாக்டீரியா மெதுவா அரிச்சுட்டுதான் இருக்கு.

எனக்கு இதைவிட ஆச்சரியம் ஜப்பான் இட்சுகுஷிமா கோயிலோட சிவப்பு வாசல், 1875ல வச்சது, 16 மீட்டருக்கு மேல உயரம், ஆழமா புதைக்கவே இல்ல, சொந்த கனத்துலயே கடல்ல நிக்குது! உச்சியில பெட்டி மாதிரி செஞ்சு உள்ள கல்லு ரொப்பிருக்காங்க. அலை இறங்குனா நடந்தே போய் தொடலாம், உங்க ஹாஜி அலி மாதிரியேதான். அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி மொபைல்ல அலை நேரம் பாத்துட்டுப் போங்க.