காசு கேள்விகள்: நடுத்தர வங்கியில் 9 லட்சம் போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வந்த பணம் 9 லட்சம் இருக்கிறது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் வங்கியில் வட்டி கொஞ்சம் கூடத் தருகிறார்கள், கவுன்ட்டரில் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசுகிறார்கள். என் தம்பியோ, "சின்ன பேங்க் அக்கா, லட்சுமி விலாஸ் கதை மறந்துபோச்சா?" என்கிறான். போடலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. ஆனால் 9 லட்சத்தையும் ஒரே பெயரில் போடாதீர்கள்.

உங்கள் தம்பி பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் கதையை முழுசாகச் சொல்லவில்லை. 1926-ல் கரூரில் தொடங்கிய அந்த லட்சுமி விலாஸ் வங்கியில், 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில், 27-ம் தேதி, அது டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்துவிட்டது. டெபாசிட் போட்டவர்கள் பணம் அப்படியே கிடைத்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் எல்லாம் போனது. ஆனாலும் அந்தப் பத்து நாளில் கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அதனால் அவசரத்துக்கு வேண்டிய தொகையை வேறொரு வங்கியில் வைப்பது நல்லது.

அப்புறம், அளவு சின்னது என்பதாலேயே வங்கி மூழ்கிவிடாது. சிட்டி யூனியன் 1904-லும், கரூர் வைஸ்யா 1916-லும், தமிழ்நாடு மெர்க்கன்டைல் 1921-லும் தொடங்கியவை, மூன்றும் நடுத்தரம்தான், இன்றும் நடக்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது டெபாசிட் காப்பீடு, அதாவது வங்கி மூழ்கினாலும் போட்ட பணம் கைக்கு வர இருக்கும் பாதுகாப்பு. வங்கி எதுவானாலும் ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் இது வெறும் 1 லட்சம். வண்ணாரப்பேட்டை கிளையில் பாதி, தண்டையார்பேட்டை கிளையில் பாதி என்று போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளை எத்தனையானாலும் கணக்கு ஒன்றுதான். உங்கள் பெயரில் நாலரை லட்சம், அவர் பெயரில் நாலரை லட்சம் என்று தனித்தனியாகப் போடுங்கள், ஒரே வங்கியிலேயே இரண்டுக்கும் காப்பீடு உண்டு. ஒன்று கவனியுங்கள்: வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள்தான் சேரும். 7 சதவீதத்தில் இரண்டு வருடம் வட்டியை எடுக்காமல் விட்டால் நாலரை லட்சம் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவுக்கும் ஆகும்.

கேள்வி: அம்மா எஃப்.டி. புதுப்பிக்கப் போனார், கையெழுத்து வாங்கி ஏதோ காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'பிரீமியம்' என்று இருக்கிறது.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அது டெபாசிட் ரசீது இல்லை, இன்சூரன்ஸ் பாலிசி. படிக்கும்போதே வயிறு எரிகிறது, வயதானவர்கள் நம்பிக் கையெழுத்துப் போடும் இடத்தில் இப்படிச் செய்யலாமா? உடனே பாலிசி வந்த தேதியைப் பாருங்கள். 30 நாளுக்குள் என்றால், வேண்டாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம், சின்னச் சின்னப் பிடித்தம் போக மீதி திரும்பி வரும். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி என்று கேட்க 14448-க்கு போன் செய்யுங்கள்.