பகிர்வு மின் ஸ்கூட்டர் சேவையைச் சுழற்சி வணிக மாதிரி என்று சொல்லலாமா?

கேள்வி: பகிர்வு மின் ஸ்கூட்டர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்குகிறேன். வண்டி கடைசிவரை நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கிறது, ஒரே வண்டியைப் பலர் ஓட்டுகிறார்கள். எனவே இது சுழற்சி வணிக மாதிரி, அதாவது பொருளை வீசாமல் பழுதுபார்த்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் முறை, என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமா?

போகாதீர்கள். நிரூபிக்க வேண்டியதையே முதல் பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் மீதிப் பக்கங்களில் என்ன எழுதப் போகிறீர்கள்? 2017 வாக்கில் சீன நகரங்களில் மலைமலையாய்க் குவிந்து துருப்பிடித்த சைக்கிள்களும் நிறுவனச் சொத்துதான், பகிர்ந்து ஓட்டியவைதான். (ஸ்கூட்டருக்கு நான் எதிரி இல்லை. கணக்குக்குத்தான் வக்காலத்து.)

கரியமில வாயுக் கணக்கில் எல்லாவற்றையும் வகுக்கும் எண் ஒன்று உண்டு: ஒரு வண்டி தன் ஆயுளில் ஓடிய மொத்தக் கிலோமீட்டர். புரிவதற்காக மட்டும், ஒரு வண்டியைத் தயாரிக்க 200 கிலோ கரியமில வாயு என்றும் அது நாளுக்கு 10 கி.மீ. ஓடுகிறது என்றும் கொள்வோம். ஒரு மாதத்தில் செத்தால் கிலோமீட்டருக்கு 667 கிராம். இரண்டு வருடம் தாங்கினால் 27 கிராம். அடுத்தது, இரவில் வண்டிகளை அள்ளிப்போய்ச் சார்ஜ் போடும் வேன். 60 கி.மீ. சுற்றி 20 ஸ்கூட்டர் எடுக்கிறது, கிலோமீட்டருக்கு 250 கிராம் விடுகிறது என்றால் ஸ்கூட்டர் ஒன்றின் தலையில் 750 கிராம், அதாவது அது ஓடும் கிலோமீட்டருக்கு 75 கிராம். ஆயுளை நீட்டிய பிறகு வேன்தான் வில்லன். பேட்டரியை மட்டும் கழற்றி மாற்றும் வடிவமைப்பில், 30 கி.மீ. போகும் பேட்டரிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும். 75 கிராம் 25 ஆகும்.

இது என் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு: வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு மைலுக்குச் சுமார் 202 கிராம் வந்தது. அதில் பாதி தயாரிப்பிலிருந்து, 43 சதவீதம் சேகரித்துச் சார்ஜ் போடுவதிலிருந்து. ஓட்டும்போது செலவாகும் மின்சாரம் அற்பம்.

ஆயுளை அளப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடும் பொதுத் தரவு ஊட்டத்தில் வண்டி எண்ணைப் பின்தொடரலாம் என்று நினைக்காதீர்கள். தனியுரிமைக்காக ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எண்ணை மாற்றச் சொல்கிறது அந்த ஊட்டத்துக்கான ஜிபிஎஃப்எஸ் (GBFS) தரத்தின் இரண்டாம் பதிப்பு. ஒரே வண்டி நூறு வண்டியாகத் தெரியும். நிறுவனத்தின் பராமரிப்புப் பதிவேடுதான் வேண்டும். அது கிடைத்த பிறகும் கழித்துக்கட்டிய வண்டிகளுக்கு மட்டும் சராசரி எடுத்தால் ஆயுள் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை கணக்கிலேயே இல்லை. ஆயுள் முடியாதவற்றையும் கணக்கில் எடுக்கும் கப்லான்-மையர் என்ற புள்ளியியல் முறையில் அவற்றையும் சேர்க்க வேண்டும். திருடுபோனது, ஆற்றில் விழுந்தது, தேய்ந்து ஓய்ந்தது மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். வடிவமைப்பில் முக்கியமாக மருந்து உள்ளது தேய்ந்ததற்குத்தான்.

பயணியிடம் “வழக்கமாக எதில் போவீர்கள்?” என்று கேட்டால் நல்ல பிள்ளை பதில்தான் வரும். “கடைசியாக ஓட்டிய அந்தப் பயணத்துக்கு ஸ்கூட்டர் கிடைத்திருக்காவிட்டால்?” என்று கேளுங்கள். நடந்திருப்பேன் என்பவரால் மிச்சமான கரியமில வாயு பூஜ்யம்.

இனி வணிக மாதிரி. இங்கே ஒரு புலம்பல்: குறை, மீண்டும் பயன்படுத்து, மறுசுழற்சி செய் என்ற (ஆங்கிலத்தில் Reduce, Reuse, Recycle) மூன்று ‘ஆர்’ பத்து ‘ஆர்’ ஆகிவிட்டது, அம்புக்குறி போட்ட வட்டப்படம் இல்லாமல் கட்டுரையே நகர்வதில்லை, ஸ்பேனர் பிடிக்கிற ஆளைக் கேட்டு எழுதியவர் அரிது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழுதின் செலவு வடிவமைத்தவன் தலையில் விழுகிறதா? மிச்செலின் லாரி டயரை விற்காமல், ஓடிய கிலோமீட்டருக்குக் காசு வாங்கியபோது, டயர் சீக்கிரம் தேய்ந்தால் நஷ்டம் அவர்களுக்கே. அதனால் காற்றழுத்தம் பார்ப்பதும் தேய்ந்த டயருக்குப் புது மேல்பகுதி ஒட்டுவதும் (ரீட்ரெட்) அவர்கள் லாபம். ஸ்கூட்டர் சேவை நிறுவனமோ பெரும்பாலும் வண்டியை விலைக்கு வாங்குகிறது. விற்ற அன்றே தயாரிப்பாளருக்குக் கணக்கு முடிந்தது. சேவை நிறுவனமும் வண்டியின் விலை முழுவதையும் ஒரே வருடத்தில் தேய்மானமாகக் கணக்கில் கழித்துவிட்டால், ஏட்டில் மதிப்பில்லாத வண்டிக்கு யார் புது பிரேக் லீவர் வாங்குவார்கள்?

பட்டறையில் பார்க்க வேண்டியவை: ஹேண்டில் தண்டின் மூட்டு விரிசல், பேட்டரிப் பெட்டிக்குள் நீர்க்கசிவு, கனெக்டர் ஊசியில் பச்சை படிவது. 36 வோல்ட் பேட்டரியில் 10 செல் வரிசைகள் தொடராக இருக்கும். ஒன்று பலவீனமானாலும் அதன் மின்னழுத்தம் முதலில் இறங்கி, பேட்டரியைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் மொத்தத்தையும் அணைத்துவிடும். மற்ற ஒன்பதும் நல்லவை, ஆனால் பசை ஊற்றி மூடியிருந்தால் எடுக்க வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 ஒழுங்குமுறைப்படி 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய இலகு வாகனப் பேட்டரியை, அதன் செல்கள் உட்பட, வெளித் தொழில்நுட்பரும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வாங்கிய வண்டிகளை ஒப்பிட்டாலே ஒரு அத்தியாயம் தேறும்.

நிறுவனத்திடம் முதலில் கொள்முதல் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும், பழைய வண்டியைத் திரும்ப எடுப்பார்களா என்ற இரண்டு பிரிவுகள் போதும். காட்ட மறுத்தால் உதிரிபாகக் கொள்முதல் பட்டியலைக் கேளுங்கள். அதை வண்டி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். டியூபும் பிரேக் கேபிளும் மட்டும் வாங்கி, கன்ட்ரோலரும் (மோட்டாரை இயக்கும் மின்சுற்று) பேட்டரி செல்லும் வாங்கவே இல்லை என்றால், பெரிய பழுது வந்த வண்டி குப்பைக்குப் போகிறது, அல்லது செத்த வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்கள். எது என்று பட்டறையில் போய் எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.